கே போடாத ஞாயிறு

அன்புள்ள இசைவாணிக்கு,

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மறுபடியும் சோதனை வைத்துக்கொள்வோமா? அதே தாழ் அலைவரிசை, ஒரு புள்ளிக்கு ஒரு நிமிஷம், ஒரு கோட்டுக்கு மூன்று நிமிஷம். இவ்வளவு மெதுவாக அனுப்பினால்தான் என் ரேடியோவின் மோர்ஸ் வெள்ளிமலையிலிருந்து சின்னசேலத்தில் உன் அம்மா வீடு வரை வந்து கம்ப்யூட்டர் திரையில் கோடுகளாகத் தெரிகிறது.

போன வாரம் நீ பதில் அனுப்பவில்லை. கோபம் என்று நினைத்தேன். நேற்று அத்தைதான் போனில் சொன்னார்: "நீங்க கடைசியில கே போடலியாம் மாப்ள. சாயந்தரம் வரைக்கும் கம்ப்யூட்டராண்டயே குந்திக்கினு இருந்தா."

உண்மைதான். 'இனி நீ பேசு' என்று கூப்பிடும் அந்த ஓர் எழுத்து வராமல் எதிர்ப்பக்கம் பேசக் கூடாது. உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்.

நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்றும், "நீங்களே பேசிக்கினு இருங்க" என்றுதான் சொன்னாய்.

ஞாயிறன்று என் அழைப்புக்குறி, அதன்பின் கே. வேறெதுவும் இல்லை. அந்த எழுத்து முடிய ஒன்பது நிமிஷம் ஆகும். முடிந்ததும் அனுப்பும் கருவியின் ஒயரைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். நீ திங்கட்கிழமை வரை பேசினாலும் சரி.

திரையைப் பார்த்தபடி,
உன் வீட்டுக்காரன்