அன்ரோவைக் கேட்டு வந்தவர்கள்

14.02.2024

விபூதிப் புதன். கோயிலால் வந்து செருப்பைக் கழற்றவில்லை, கேற்றடியில் யாரோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டால் இப்பவும் முதலில் பின்கதவைத்தான் பார்ப்பேன். பார்த்தால் நம்மட நல்லரத்தினம் சேர். பேரனுக்குச் சைக்கிள் ஓட்டம் பழக்குகிறவர்.

"அம்மா, உங்கட அன்ரோ சுவிஸுக்குப் போறான்!"

உலகத்துச் சைக்கிள் ஓட்டத்துக்கெல்லாம் சட்டம் போடுகிற சங்கம் ஒன்று சுவிஸில் இருக்கிறதாம். சைக்கிள் எத்தனை கிலோ இருக்கவேணும், சப்பாத்துக்குள் போடுகிற மேசு காலில் எவ்வளவு உயரத்துக்கு வரவேணும், எல்லாம் அவங்க சொல்வதுதானாம். சின்ன நாட்டுப் பிள்ளைகளில் கெட்டிக்காரரைப் பிடித்துத் தங்கட இடத்திலேயே வைத்துப் பழக்குவாங்களாம். இந்த முறை நாவற்குடாவில் இருந்து என்ட பேரன்.

ஒருநேரம் மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி நாள் என்பதையும் மறந்து சீனி அள்ளிப் போட்டுத் தேத்தண்ணி குடித்தேன். ஆண்டவர் கணக்கில் எடுக்கமாட்டார்.

16.02.2024

சந்தைக்குப் போன இடத்தில் எல்லாருக்கும் சொன்னேன். கேளாதவர்களுக்கும் சொன்னேன்.

03.03.2024

அன்ரோ போனை நோண்டிக்கொண்டே சோறு தின்கிறான். ஏசினேன். "அம்மம்மா, இது விளையாட்டில்ல" என்றான். எந்த நாள் எந்த வீட்டில் படுப்பான், எந்த ஒரு மணித்தியாலம் கட்டாயம் அங்கே இருப்பான் என்று அந்தச் சங்கத்துக்கு முன்கூட்டியே எழுதவேணுமாம். ஊக்கமருந்து பாவிக்கிறானா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வருமாம். மூத்திரம் எடுத்துக்கொண்டு போவாங்களாம். வந்த நேரம் ஆள் இல்லாவிட்டால் ஒரு பிழை. ஒரு வருசத்துக்குள் மூன்று பிழை விழுந்தால் ஓடவே விடமாட்டாங்களாம்.

இவனுக்கு இரண்டு ஏற்கெனவே விழுந்துவிட்டது. கொழும்புக்குச் சைக்கிள் ஓடப் போனபோது மாற்றி எழுத மறந்தான். மற்றது செட்டிபாளையத்துக் கலியாணவீட்டில் நின்று விட்டான்.

புஸ்பம் வேலிக்கு அங்கால நின்று கேட்டுவிட்டு, "என்னகா, மூத்திரத்துக்கெல்லாம் சுவிஸில இருந்து வாறாங்களா? நம்மட மூத்திரத்த ஆசுபத்திரியிலயே பாக்கிறாங்க இல்ல" என்றாள். அவளுக்கு வயிற்றெரிச்சல். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

19.03.2024, காலை

சூசையப்பர் திருநாள். மகள் பிரஷாந்தி, அன்ரோவின் தாய், முதல் பூசைக்குப் போய்விட்டாள். அன்ரோவுக்கு நேற்றுக் காய்ச்சல், பனடோல் குடித்துவிட்டுப் பின்னறையில் அசந்து படுத்திருந்தான்.

விடியப்புறம் கேற்றைத் தட்டினார்கள். வெள்ளை வான். தலைமயிர் ஒட்ட வெட்டின ஆள் ஒருவன், ஒரு பொம்பிளை. கழுத்தில் அட்டை. கையில் கடுதாசி. "அன்ரோ இருக்காரா?" — அரைகுறைத் தமிழ்.

எனக்குத் தெரியும் இது. முப்பத்துநாலு வருசமாய்த் தெரியும்.

"இல்ல" என்றேன். "அவன் இஞ்ச இல்ல. எங்க போனான் எண்டு தெரியாது."

கேற்றைத் திறக்கவில்லை. போகமாட்டோம், காத்திருப்போம் என்றார்கள். நான் பின்னறையை வெளியால் கொண்டி போட்டேன். முன்னறையில் சார்ஜில் கிடந்த அவன்ட போன் அதிர்ந்து அதிர்ந்து வெளிச்சம் போட்டது, எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன். வந்து கேற்றடியிலேயே நின்றேன். அவங்கட கண்ணுக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்துவிட்டு வான் போய்விட்டது.

மாதாவே, இந்த முறை நான் விடல்ல. பிள்ளை இன்னும் நித்திரை. ஒழும்பினதும் சொல்லவேணும். கஞ்சி வைக்கப் போறன்.

அதே நாள், பொழுதுபட

அவங்க சங்கத்து ஆக்கள். மூன்றாவது பிழை.

20.03.2024

எனக்கு எழுத வருதில்ல. எழுதாமலும் இருக்கேலாது.

கஞ்சியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருந்து பெருமையாய்ச் சொன்னேன். மனே, வெள்ளை வானில வந்தாங்க, நான் விடல்ல எண்டு. அவன் கோப்பையைக் கீழே வைத்தான். அட்டையில என்ன நிறம், பெட்டி வச்சிருந்தாங்களா, பொம்பிளையும் இருந்தாவா? — ஒவ்வொன்றாய்க் கேட்டான். ஓம் ஓம் எண்டன். மறுகா போன் எங்க எண்டு கேட்டான். தலையணையைக் காட்டினன்.

ஏசியிருக்கலாம். ஏசல்ல. முற்றத்துக்குப் போய்ச் சைக்கிளுக்குப் பக்கத்தில குந்தி இருந்தான். வெயில் ஏறினபிறகும் அப்படியே இருந்தான்.

சுவிஸ்சங்கத்து ஆள் எண்டால் வெள்ளைக்காரன் வருவான் எண்டுதானே நான் நினைச்சிருந்தன்? எனக்கு ஆர் சொன்னது வெள்ளை வானில வருவாங்க எண்டு?

22.03.2024

பிரஷாந்தி என்னோடு கதைக்கவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டுப் போகிறாள்.

இரவைக்கு வந்து காலடியில் இருந்தாள். "அம்மா, அண்ணாவ நினைச்சா அப்பிடிச் சொன்னீங்க?" என்றாள்.

தொண்ணூறாம் ஆண்டு என்ட மூத்தவன் பிறின்ஸைக் கேட்டு வந்த ஆமிக்காரங்களிட்ட, "ஓம், இரிக்கான், கிணத்தடியில குளிக்கிறான்" எண்டு நான்தான் சொன்னன். விசாரிச்சிட்டு விடுறம் எண்டாங்க. ஈரத் துவாயோட அவங்கட வெள்ளை வானில ஏறினான். திரும்பி வரல்ல.

பொய் சொல்லப் பழகாத வாய் அது. பழகி முடிச்சபோது இப்பிடி ஆயிற்று.

06.04.2024

அக்காவின் மகள் மேர்லின் சுவிஸில்தானே இருக்கிறாள். போன் எடுத்து, அந்தச் சங்கத்து ஒபிஸுக்குப் போய் நல்ல மாதிரிக் கதை, முட்டைமா பலகாரம் அனுப்பிவிடுறன் கொண்டுபோய்க் குடு என்றேன்.

"ஐயோ சின்னம்மா, இது நம்மட கச்சேரி ஒபிஸ் இல்ல" என்றாள். ஆனாலும் பிள்ளை லீவு போட்டு ரெயிலில் போயிருக்கிறாள். வாசலில் இருந்தவ மரியாதையாய்க் கேட்டாவாம். இந்த விசாரணைக்கும் இந்த ஒபிஸுக்கும் சம்பந்தமில்லை, எதுவென்றாலும் எழுத்தில் தாங்க என்றாவாம்.

மேர்லின் போட்டோ அனுப்பினாள். மலை. புல்லு. உள்ளுக்குள் வழுவழு என்று மரத்தால் வட்டமாய் ஓடுபாதை. அன்ரோ அதை விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தான்.

23.05.2024

விசாரணை. சேரின் வீட்டில் கொம்பியூட்டரில். நான் கோயில் சீலை உடுத்திப் போனேன்.

மூன்று பேர் இருந்தார்கள். தமிழில் மாற்றிச் சொல்ல ஒருவர், இந்தியத் தமிழ். அட்டை நிறம் என்ன, எப்படி ஆட்கள் வருவாங்க என்று பேரன் உங்களுக்குச் சொல்லித்தரவில்லையா என்று கேட்டார்கள். அவன் எல்லாம் சொன்னவன் என்றால் பிழை எனக்கு, சொல்லவில்லை என்றால் பிழை அவனுக்கு என்று சேர் முன்னமே எனக்குப் படித்துப் படித்துச் சொன்னவர். அதனால், "சொன்னவன், எனக்குத்தான் மண்டையில ஏறல்ல" என்றேன்.

பிறின்ஸைப் பற்றியும் சொன்னேன். நடுவில் இருந்த பொம்பிளை கண்ணாடியைக் கழற்றினா. மனம் இரங்குகிறது, ஆனால் எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே சட்டம் என்றா. கள்ள மருந்து அடித்தவனும் வீட்டில் ஒரு ஆளை வைத்து இல்லை என்று சொல்லவைப்பானாம்.

அது சரிதான். யோசித்தால் சரிதான். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது. அவங்களை ஏசவும் வழியில்லை.

கடைசியாய், "இல்ல எண்டு சொன்னது நான். அப்ப என்னையல்லோ சைக்கிள் ஓடக்கூடாது எண்டு தடுக்கவேணும்" என்றேன். மாற்றிச் சொல்கிறவர் அதை மாற்றிச் சொல்லவில்லை.

14.06.2024

பதினெட்டு மாதத் தடை. இரண்டு வருசத்தில் இருந்து குறைத்தார்களாம். சுவிஸ் இடம் வேறு நாட்டுப் பிள்ளைக்கு.

15.06.2024

அந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்மம்மா இருப்பா. சந்தைக்குப் போய்ச் சொல்லியிருப்பா.

11.08.2024

அன்ரோ இன்னும் விடிய எழும்புகிறான். ஓடப் போவதில்லை. முன்கதிரையில் வந்து இருந்து கேற்றைப் பார்த்துக்கொண்டு இருப்பான், ஆறு மணிக்கு எழும்பிப் போய்விடுவான். தடை இருக்கிறபோதும் ஆள் வருமாம். திரும்பி ஓட ஆசையிருந்தால் அந்த மணித்தியாலத்தை விடக்கூடாதாம்.

நானும் எழும்பி இருப்பேன், குசினிக்குள்.

02.09.2024

அன்ரோவுக்குக் கட்டாரில் கடையொன்றில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. பிரஷாந்தி அழுது பார்த்தாள். சேர் வந்து, "இன்னும் ஒண்டேகால் வருசம்தானேடா, பல்லைக் கடிச்சிட்டு இரு" என்று கெஞ்சினார். "இருந்திட்டு, சேர்? திரும்பவும் ஆர் எடுப்பாங்க?" என்றான்.

போகிற நாள் என் தலையை மோந்து கொஞ்சினான். "உங்களில கோவம் இல்ல அம்மம்மா. நீங்க எனக்காகத்தானே சொன்னீங்க."

கோபிச்சிருக்கலாம்டா மனே. ஒரு சொல்லாவது ஏசிப்போட்டுப் போயிருக்கலாம்.

21.09.2024

சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது. அடிக்கத் தெரியவில்லை. புஸ்பத்தின் மகன் அடித்துத் தந்தான். புஸ்பம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதது எனக்கு இன்னும் கரைச்சல்.

17.11.2024

விடிய மழை. கேற்றடியில் அந்த வெள்ளை வான்.

அதே பொம்பிளைப் பிள்ளை, கூட ஒரு ஆம்பிளை. குடை பிடித்துக்கொண்டு, என்னைக் கண்டு பயந்த மாதிரி. "அன்ரோ இருக்காரா, அம்மா?"

இரிக்கான் எண்டு சொல்ல வாய் உன்னிற்று. பின்னறையில படுக்கிறான், கூப்பிடுறன், இருங்க எண்டு.

"இல்ல புள்ள. அவன் இஞ்ச இல்ல."

இரண்டு பேரும் ஆளையாள் பார்த்தார்கள். கூட்டிக்கொண்டு போய்ப் பின்னறையைத் திறந்து காட்டினேன். பாய் சுருட்டிக் கிடந்தது. கட்டாருக்குப் போனான் என்றேன். அவன் அதை எழுதிக் குடுக்கவில்லையாம். ஓட்டத்தை விடுகிறேன் என்றும் எழுதவில்லையாம். அவங்கட கடுதாசியில் இன்றைக்கும் இந்த வீட்டு விலாசம்தான் இருக்கிறதாம். அஞ்சு தொடக்கம் ஆறு.

மறந்தானா? அழிக்க மனம் வரல்லையா?

ஆள் இல்லையென்று தெரிந்தாலும் அந்த மணித்தியாலம் முடியுமட்டும் நிற்கவேணுமாம், சட்டமாம். கதிரை எடுத்துப் போட்டேன். இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றினேன். வேண்டாம் என்றார்கள். பிறகு அந்தப் பிள்ளை மட்டும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். மூன்று பேரும் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

பிறின்ஸைக் கேட்டு ஒருத்தரும் மறுகா வரவில்லை.

ஆறு மணிக்கு எழும்பினார்கள். போகும்போது, "கேற்றைச் சாத்தவா, அம்மா?" என்று கேட்டாள்.

திறந்தே கிடக்கட்டும் என்றேன்.