மூன்று புதிய திரைகள்

அன்புள்ள லொரேன்,

முட்டிவலி தேவலையா? நாய் இன்னும் வேலி தாண்டுகிறதா?

வாஷிங்டனில் செப்டம்பரோடு அரசின் நிதியாண்டும் முடிகிறது. மிச்ச நிதியைச் செலவழிக்காவிட்டால் போய்விடும் என்று எங்கள் அரசு அலுவலகமே பறக்கிறது. என் மேசையில் மூன்று புதுக் கணினித் திரைகளை வைத்துவிட்டார்கள். "எனக்கு எதுக்கு மூணு?" என்றேன். "திருப்பிக் குடுத்தா அடுத்த வருஷம் நிதியை வெட்டிருவாங்கய்யா, பேசாம வெச்சுக்க!" என்கிறார் மேலாளர் டெல்பர்ட்.

மூன்றிலும் ஓடுவது அதே நாற்பது வயது மென்பொருள்தான். அதை மூடிவிட்டுப் புதியதைக் கொண்டுவரத்தானே என்னை வரவழைத்தார்கள்? இப்போது புதியதை நிறுத்திவிட்டு, பழையதைக் கட்டிக்காக்க இன்னொரு வருடத்துக்கு நிதி ஒதுக்கிவிட்டார்கள். சிரிப்புத்தான் வருகிறது. ஓரிடத்தில் உட்காரத்தான் முடியவில்லை.

கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். என் குளிர்கோட்டை அனுப்பிவிடு. குளிருக்கு முன்பே வேலை முடிந்து வீடு திரும்பிவிடுவேன் என்றுதான் அலமாரியில் விட்டுவந்தேன்.

உன்,
ராய்ஸ்