நீர்நாயின் வளையும் தென்கோடிப் பாசியும்

மங்கலம் பெருகுக. மழை தவறாத மருதவெளி நாட்டை ஆளும் செங்காந்தள் தேவியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகன் நம்பியடியான் எழுதுவது: கயல்வாய்ப் பேரேரிக் கோட்டத்துத் தலைவர் அடலேறனார் கண்டு, நின்றபடியே வாசிக்க. உம் கோட்டமும் கரைக்குக் கீழே குடியிருக்கும் ஊர்களும் நலமே வாழ்க. வாழுமா என்பதே தேவியாரின் கவலை.

ஏரி நிறைந்து தென்கோடியில் கரை கசிகிறதென்றும், வடகோடியில் நீர்நாய்கள் வளை தோண்டியதே காரணமென்றும் எழுதியிருந்தீர். குட்டி போட்டிருக்கும் உயிரை எப்படி விரட்டுவதென்று கெஞ்சிய கரைக்காவலன் காடனை, பழைய வழக்கப்படி கசிவின் வாயிலேயே தறி நட்டுக் கட்டிவிட்டதாகவும் எழுதியிருந்தீர். மழை விடவில்லை, கரை உடைந்தால் முதலில் போவது அவன் உயிர், அடுத்துப் போவது ஊர்.

தேவியார் ஏரிக்கரையில் பிறந்தவர் என்பதை மறந்தீர் போலும். நீர்நாய் தண்ணீரிலேயே திரிந்தாலும் குட்டிகளோடு படுக்க ஈரமில்லாத மண்ணையே தேடும். வளையில் ஈரம் ஊறினால் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடும். பாசியோ நேர்மாறு, ஈரம் ஊறும் இடத்தை விட்டு அசையாது, கோடையிலும் அங்கேதான் பச்சை பிடித்துக் கிடக்கும். வடகோடி வளையில் குட்டிகள் இன்னும் உறங்குவதை உம் ஓலையே சொல்கிறது. ஆகவே அங்கே கரை திடமாயிருக்கிறது.

தென்கோடியிலோ, கோடையில் தேவியார் எழுந்தருளியபோது, பாசி மண்டிக் கிடந்தது அரச கண்ணுக்கு ஆகாதென்று சுரண்டி வெண்சுண்ணம் பூசியதை நீரே பெருமையாகச் சொன்னீர். பாசி காட்டிக்கொடுத்த கசிவைப் பூசி மறைத்துவிட்டு, ஓலை வாசிக்கத் தெரியாத நீர்நாயின் தலையில் பழியைக் கட்டிவிட்டீர். தேவியாருக்குச் சினம் ஆறவில்லை.

ஆதலால் காடனை இந்நொடியே அவிழ்த்துவிடுக. ஊர்மக்களை மேட்டுக்கு ஏற்றுக. சுண்ணத்தைப் பெயர்த்துக் களிமண்ணும் வைக்கோலும் மிதித்துக் கசிவை அடைக்க. பணியைக் காடனே நடத்துவான். வளையை யாரும் தொடலாகாது.

நாரை முத்திரை இட்டோம். மறு ஓலை வேண்டா. பழைய வழக்கத்தையும் தேவியார் மாற்றவில்லை. கசிவுக்குக் காரணமானவர் அது அடைபடும்வரை அந்தத் தறியில் நிற்க வேண்டும். இவ்வோலை கொணரும் வீரர்கள் உமக்கான கயிற்றையும் கொணர்கிறார்கள்.