இரண்டு புள்ளிகளுக்கு நடுவில்

என் அன்புக்கும், இந்த நிமிடம் என் கோபத்துக்கும் உரியவருக்கு,

நானும் குட்டியும் நலம். நீங்கள் நலமா என்று வழக்கமாக ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த சேதிக்குத் தாவிவிடுவேன். இன்று அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. நலமாக இருக்கிறீர்களா?

காலையிலிருந்து உங்கள் கப்பலின் ரேடியோ பேசவில்லை. காற்றில் ஆண்டெனா முறிந்திருக்கும் என்கிறார்கள். தனி பேட்டரியில் ஓடுகிற இடங்காட்டி மட்டும் வேலை செய்கிறது. ஆக, நீங்கள் எல்லோரும் இப்போது எங்கள் கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி. நாற்காலியை இழுத்துப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏசி ஒழுகுகிறதென்று வைத்த வாளி வழிந்து என் செருப்பு நனைந்ததுகூட, பக்கத்து மேசைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

குட்டியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக இங்கேயே அழைத்து வந்துவிட்டேன். வீட்டில் தனியாக அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சிவப்புப் புள்ளிகள் என்னவென்று கேட்டாள். மீன் பிடிக்கிறவர்கள் விட்டுவிட்ட நைலான் வலைகள் கடலில் அலைகின்றன, அவற்றைப் பார்க்கும் படகுகள் ஆளுக்கொரு மிதவை கட்டிவிடும், அந்த மிதவைதான் இங்கே சிவப்பாகத் தெரிகிறது, அப்பா கப்பல் போய் வலையை அள்ளி வரும் என்றேன். "அப்ப அப்பா குப்பை அள்றவரா?" என்றாள். ஆமாம், கடலுக்கே அவர்தான் என்றேன். அவளுக்கு ஒரே பெருமை. நாளைக்கு வகுப்பு முழுக்கச் சொல்லிவிடுவாள், தயாராக இருங்கள்.

வழி சுத்தமென்று சொன்னார்களே, எப்படி மாட்டினோம் என்று நீங்கள் அங்கே எங்களைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். திட்டுங்கள், நியாயம்தான். உங்கள் பாதையில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஒன்று நம் படகு கட்டிய மிதவை, மற்றது பக்கத்து நாட்டுக்காரர்கள் கட்டியது. இரண்டு வலை, நடுவே தாராளமாக இடமிருக்கிறது, புகுந்து போகலாம் என்று எல்லோரும் சேர்ந்து பார்த்துத்தான் வழி கொடுத்தோம். அது ஒரே வலை! நம் ஆட்கள் ஒரு முனையில் கட்டியிருக்கிறார்கள், அவர்கள் மறுமுனையில். நாங்கள் காலி இடம் என்று காட்டிய இடத்தில்தான் வலை நீருக்கடியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாடும் மிதவை விவரங்களைப் பகிர ஆரம்பித்ததே போன மாதம்தான். எந்த முனையில் கட்டினோம் என்று குறிக்கும் வழக்கம் அவர்களுக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

உங்கள் புள்ளி நடுவில் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் மூன்று புள்ளிகளும் ஒரே வேகத்தில் ஒரே பக்கமாக நகர ஆரம்பித்தன. எங்கள் நீரோட்ட ஆய்வாளர் இருக்கிறாரே, நீங்கள் கண்ணாடிக்காரம்மா என்று கேலி செய்வீர்களே, அவர் எழுந்து நின்றுவிட்டார். "புரொப்பல்லர்ல வலை சுத்திடுச்சு" என்றார்.

நீங்கள் மிதந்து போகிற பக்கம் பாறைத் திட்டு இருக்கிறது. கப்பலிலிருந்து பார்த்தால் நேராக அதில்தான் மோதப் போகிறோம் என்று தோன்றும். ஆனால் இங்கே வேறு மாதிரி தெரிகிறது. எந்தக் குப்பை எங்கே கரை ஒதுங்கும் என்று சொல்வதற்காகப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கிய கணக்கு இருக்கிறதல்லவா, அதில் உங்கள் கப்பலைப் போட்டுப் பார்த்தார்கள். குப்பைக்குப் போட்ட கணக்கில் என் புருஷன். மூன்று நாட்டு ஆய்வுக்கூடங்கள் தனித்தனியாகப் பார்த்தன. இரண்டு பேர், திட்டைத் தொடாமல் தெற்கே விலகிப் போய்விடும் என்கிறார்கள். மூன்றாவது ஆள் உரசலாம் என்கிறார். அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை.

கப்பலைவிட எனக்கு உங்களை நினைத்துத்தான் பயம். கப்பலில் இருக்கிற ஒரே டைவர் நீங்கள். பாறை தெரிந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே, நான் இறங்கி வெட்டிவிடுகிறேன் என்று கத்தியைக் காலில் கட்டியிருப்பீர்கள். அமைதியான தண்ணீரில் வலை வெட்டப் போனதற்கே போன தடவை கணுக்காலில் தழும்போடு வந்தீர்கள். உயிரில்லாத சனியன், ஆனால் பிடித்தால் விடாது என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த அலையில், தூக்கித் தூக்கிப் போடும் கப்பலுக்கு அடியில், அந்த வலைக்குள்... இறங்காதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இறங்காதீர்கள். உதவி வருகிறது, காத்திருங்கள்.

நம்முடைய இழுவைக் கப்பல் பழுது பார்க்கக் கரையேறியிருக்கிறது. வருவது பக்கத்து நாட்டுக் கப்பல். எல்லையில் நம் படகுகளை விரட்டுகிறவர்கள் என்று நானே அவர்களை எத்தனை முறை கரித்துக் கொட்டியிருக்கிறேன்! எண்ணெய் நிரப்ப இங்கே ஒதுங்கியவர்கள், சேதி கேட்டதும் யாரும் கெஞ்சாமலே கிளம்புகிறார்கள். அதன் கேப்டன், நம் மொழி அரைகுறையாகத்தான் வருகிறது, "போறேன், கூட்டி வர்றேன்" என்றார். அவரிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்கும் அறிவு இருக்கிறது. இழுவைக் கப்பலோடு வருகிற கடிதம் உங்களை எப்படித் தடுக்கும்? இது வந்து சேரும்போது நீங்கள் ஒன்று காத்திருந்திருப்பீர்கள், இல்லை இறங்கியிருப்பீர்கள். தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதாமல் இந்த மேசைக்கு முன்னால் என்னால் உட்கார முடியாது.

உங்கள் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும், வேறு யாரிடமும் கூடாது என்று கேப்டனிடம் சொல்லியிருக்கிறேன். "ஒருவேளை அவர்..." என்று ஏதோ கேட்க வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும். இந்த உறையை நீங்கள்தான் பிரிக்க வேண்டும். ஒட்டியது ஒட்டியபடி இது என்னிடமே திரும்பி வந்துவிடக் கூடாது.

திரையை விட்டு எழாமல் காத்திருக்கும்
உங்கள் மனைவி