மிம்பரில் கேட்காத மன்னிப்பு

வில்லாபுரம்,
சனிக்கிழமை.

அன்புள்ள மன்சூர் அண்ணனுக்கு, தங்கை சபுரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாமில் வெயில் கடுமை என்றீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் என்னைப் பேசவிடமாட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

"மச்சான மன்னிப்புக் கேக்கச் சொல்லு, ஜாபர் நம்ம ஆளு" என்று நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். உங்கள் நண்பர் கவுன்சிலர் ஆனதில் உங்களுக்குப் பெருமை இருக்கலாம். கபர்ஸ்தானுக்குள் வரும் சாக்கடையைத் திருப்பிவிடுவேன் என்று சொல்லித்தான் ஓட்டு வாங்கினார். போன மாதம் மழையில் நைனார் பாயை அடக்கியபோது, குழியிலிருந்து வாளி வாளியாகச் சாக்கடையை இறைத்தார்கள். நம் அம்மாவின் கபுர் மேலும் அதே தண்ணீர்தான் நின்றது. இதை ஜாபர் உங்களிடம் சொன்னாரா?

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில், இமாம் என்ற முறையில் என் கணவர், வாக்குக் கொடுத்து மீறுவது நயவஞ்சகனின் அடையாளம் என்று பேசினார். யார் பெயரையும் சொல்லவில்லை. அன்று மாலையே ஜமாத் தலைவர் நத்தர்ஷா வீட்டுக்கு வந்துவிட்டார். "ஹஜ்ரத், மார்க்கத்த மட்டும் பேசுங்க. அரசியல் நமக்கெதுக்கு?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேர்தலுக்கு முன்னால் ஜாபருக்கு ஓட்டுக் கேட்கச் சொல்லி இவரை நெருக்கியது யார்? இவர் மறுத்ததும் மைக்கைப் பிடுங்கித் தானே கேட்டது யார்? கதவுக்குப் பின்னால் நின்றபடியே, "அன்னைக்கு நீங்க பேசுனது மட்டும் மார்க்கமாண்ணே?" என்று கேட்டுவிட்டேன். நத்தர்ஷா எழுந்துவிட்டார். வரும் ஜும்ஆவில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் குடியிருக்கும் பள்ளிவாசல் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று இவர் மிம்பர் மேடையில் ஏறியபோது நான் வீட்டிலிருந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். "நான் சொன்னதுல பொய் இருந்தா எந்திரிச்சுச் சொல்லுங்க. இங்கேயே மன்னிப்புக் கேக்குறேன்" என்றார். ஒரு சத்தமும் இல்லை. பிறகு வழக்கம்போல் குத்பா உரையை ஓதித் தொழவைத்தார்.

தொழுகை முடிந்ததும் வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். பயான் முடிந்த அன்று கையைப் பிடித்து, "நல்லாச் சொன்னீங்க ஹஜ்ரத்" என்றவர்கள் எல்லாம் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். ஜாபரை விட அவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம். உங்கள் மேலும்தான், அண்ணே. சாக்கடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், மன்னிப்பைப் பற்றி மட்டும் பேசினீர்கள்.

சமயநல்லூர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிவாசலுக்கு இவரை வரச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை சாமான்களை ஏற்றுகிறோம். எங்களுக்காக யாரிடமும் சிபாரிசு பேச வேண்டாம்.

அல்லாஹ் உங்களுக்கும் அண்ணிக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும். நேற்றிலிருந்து இவர் யாரோடும் பேசவில்லை, சோற்றையும் தொடவில்லை. முடிந்தால் ஒரு போன் போடுங்கள். நியாயம் எதுவும் பேச வேண்டாம். சாப்பிட்டீங்களா மச்சான் என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் தங்கை,
சபுரா