ஹனூர் மண் ஈரப் பதிவை வியாழனுக்குள் திரும்பப் பெறக் கோரி

அனுப்புநர்:
சைத்ரா முரளிதரன்,
தரவு ஆய்வாளர், மண் ஈரப் பிரிவு,
(இல்லம்) அக்ரஹாரம், மைசூரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
காலநிலைப் பதிவு மையம், மைசூரு.

பொருள்: செயற்கைக்கோள்வழி முப்பதாண்டு மண் ஈரப் பதிவில் பிழை – ஹனூர் தாலுகா வறட்சிப் பட்டியலில் விடுபட்டமை – குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்தப் புகார் முதலில் என் மீதே. பழைய செயற்கைக்கோளின் அளவுகளையும் புதியதன் அளவுகளையும் ஒரே தொடராக இணைத்தவள் நான். இரண்டும் பதினொரு மாதங்கள் சேர்ந்து சுற்றின. ஒரே நாளில் ஒரே வயலைப் பார்த்தபோதும் புதியது கூடுதல் ஈரம் காட்டியது. அந்த வித்தியாசத்தைக் கழித்த பிறகே இணைக்க வேண்டும். அவசரத்தில் நான் கழிக்கவில்லை. அதனால், கருவி மாறிய நாளிலிருந்து ஹனூர் மண்ணே ஈரமாகிவிட்டதுபோல் பதிவு காட்டுகிறது.

2. சென்ற ஆண்டு அதை நம்பி வறட்சிக் குழு ஹனூரை வறட்சிப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஹனூர் விடுபட்ட செய்தியைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. கடந்த மாதம் விடுப்பெடுத்து, கொள்ளேகால் வழியாகப் பேருந்தில் போய் நானே அளந்தேன். பதிவு இப்போதும் ஈரமென்று காட்டும் இடத்தில், ஜடையன் என்ற விவசாயியின் கேழ்வரகு நிலத்தில், ஈரம் அளக்கும் கருவியின் முள் மண்ணில் விரலளவுகூட இறங்கவில்லை. என் வேலையைச் சொன்னதும், "மேல இருந்து பாத்தா ஈரமாத் தெரியுதுங்களாம்மா?" என்றார். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பட்டியலில் இருந்திருந்தால் தீவன முகாம் வந்திருக்கும். தம் இரண்டு மாடுகளையும் அவர் விற்றிருக்க மாட்டார்.

3. திரும்பியதும் பிரிவுத் தலைவர் திரு. நஞ்சுண்டசாமி அவர்களிடம் அனைத்தையும் தெரிவித்தேன். "இப்போது சொன்னால் முப்பதாண்டுப் பதிவையே யாரும் நம்பமாட்டார்கள். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அது வர இரண்டாண்டாகும். அவருக்கு மூன்று முறை எழுதியும் பதிலில்லை. நேற்று, அதே பதிவு சரியென்று இவ்வாண்டு வறட்சிக் குழுவுக்குச் சான்றளிக்கும் தாள் என் மேசைக்கு வந்தது. நான் கையெழுத்திடவில்லை.

4. திருத்திய தொடரையும் ஹனூர் அளவுகளையும் இம்மனுவின் கன்னடப் பிரதியையும் இணைத்துள்ளேன். என் கணக்கை மீண்டும் அப்படியே ஏற்க வேண்டாம், வேறொருவர் சரிபார்க்கட்டும். விசாரணை வைத்தால் முதலில் என்னை அழையுங்கள்.

குழு வரும் வியாழன் காலை பதினொரு மணிக்குக் கூடுகிறது. அதற்கு முன் இப்பதிவைத் திரும்பப் பெற ஒரே ஒரு கையெழுத்து போதும். அந்த அதிகாரம் தங்களுக்கு மட்டுமே உண்டு. தயவுசெய்து அக்கையெழுத்தை இடுங்கள்.

இடம்: மைசூரு
நாள்: 19.08.2025

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) சைத்ரா முரளிதரன்