உன் இலையில் உட்கார்ந்தவன்

என் தங்கச்சிக்குத் தாலி கட்டி, என் பங்குக் கள்ளையும் பிடுங்கிக் குடிச்ச ஆசை மாப்ளே முத்தையாவுக்கு,

செத்தும் உனக்கு நாக்கு அடங்கலன்னு தோட்டமே பேசுது, தெரியுமா?

காய்ச்சல்ல நீ போன பிறகு, அமாவாசைக்கு அமாவாசை நீ பால் வெட்டின ரப்பர் மரத்துக் கடைசி நிரையில படையல் வைக்கிறோம். சோறு, கருவாடு, வாழைப்பழம், ஒரு மூங்கில் குழாய்க் கள்ளு. காலையில வெறும் இலைதான் கெடக்கும். "அவரு வந்து சாப்பிட்டுட்டாரு அண்ணே"ன்னு தங்கச்சி கண்ணைத் துடைச்சுக்குவா. நான் பூசாரி வயித்தைப் பார்ப்பேன்.

"என்ன பூசாரி, எங்க மாப்ளே உம்ம வேட்டிக்குள்ளதான் குடியிருக்கானோ?"

"வாயை அடக்குப்பா, சாமி குத்தம்."

கையும் களவுமாப் பிடிக்கலாம்னு மழைக்கு முன்னால ஒருநாள் விடியவும் போய் நின்னேன். உன் இலையில உட்கார்ந்திருந்தது ஒரு கரடிப் பய. குட்டியும் இல்ல, முழுசா வளரவும் இல்ல. நெஞ்சுல மஞ்சப் பிறை, விலா எலும்பு எடுத்து நிக்குது, ஒரு காது கிழிஞ்சு புண்ணு. தாய் விரட்டிவிட்டிருக்கும். தனியா இரை தேடத் தெரியல. என்னைப் பார்த்ததும் கள்ளுக் குழாயை நெஞ்சோட அணைச்சுக்கிச்சு. நான் பிடுங்கிக்குவேன்னு சந்தேகம்!

நீ கப்பல்ல வந்து கூலிக்காரங்க லயத்துல இறங்கின அன்னைக்கும் இப்படித்தானே தகரப்பெட்டியைக் கட்டிக்கிட்டு எங்களை முறைச்சே? நானும் உன்னை நம்பலையே. தங்கச்சி தண்ணி எடுக்கிற நேரமாப் பார்த்து இவன் ஏன் குளிக்க வர்றான்னு காவல் இருந்தவனாச்சே!

கரடியைப் பார்த்த அன்னைக்கே, மரத்துல பால் பிடிக்கிற மங்கு கவிழ்ந்து கெடக்குன்னு கங்காணி கத்தினாரு. மரத்துல நகக்கீறலைப் பார்த்துட்டாரு.

"கரடி! தொரைகிட்டத் துப்பாக்கி கேக்கிறேன்."

"பூனையா இருக்கும் கங்காணி."

"ஏண்டா, பூனை உன் உயரத்துக்கா கீறும்?"

"நம்ம தோட்டத்துச் சோறு தின்ன பூனையாச்சே!"

அவரு சிரிக்கல. அன்னையிலிருந்து நான் போற வழியெல்லாம் அவரு கண்ணு வருது.

தங்கச்சிகிட்ட உண்மையைச் சொல்லப் பயந்தேன். சொன்னதும், "அவரு இலைக்குப் பசியோட வந்தது யாரா இருந்தா என்ன? துப்பாக்கிக்கு எட்டாத எடத்துல வைப்போம்"னா. அடுத்த படையலை ஆத்துக்கு அந்தப்பக்கம், மலையடியில வச்சோம். காலியாச்சு. தோட்டத்துல கீறலும் நின்னுச்சு.

ஆனா இந்த அமாவாசைக்கு இலை வச்சது வச்சபடி. எறும்பு மட்டும் மொய்க்குது. கொஞ்ச நாள் முன்னாடி காட்டுப் பக்கமா வெடிச்சத்தம் கேட்டுச்சு. "பன்னி சுட்டோம்"கிறாரு கங்காணி. பன்னின்னா கறி எங்கய்யா? லயத்துல ஒரு சட்டியும் மணக்கலையே?

தங்கச்சி இலையை விட்டு நகரல. நான் மட்டும் மலையேறினேன். மேல ஒரு உளுத்த மரம் பிளந்து கெடந்துச்சு. உள்ள ஈரம் காயல, கரையான் சிதறி ஓடுது, சேத்துல சின்னதா ஒரு கரடிக் காலடி. நம்ம பயதானா? வேற கரடியா? நான் கூப்பிட்டதும் தங்கச்சி மேல வந்து பார்த்துட்டு, "அதுதான் அண்ணே, தானே தேடித் திங்குது"ன்னா. எனக்கு இன்னும் பாதிதான் நம்பிக்கை.

இனிமே ஆத்துக்கு அந்தப்பக்கம் சோறு வைக்கமாட்டோம் மாப்ளே. மனுசச் சோத்துக்குப் பழகினா மறுபடி நிரைக்குள்ளதான் வரும். கங்காணி துப்பாக்கியோட ஆத்தைத் தாண்டினா, வழிகாட்ட நானே முன்னால போவேன். நாள் முழுக்கத் தப்பான மலையைத்தான் காட்டுவேன். இது உன்மேல சத்தியம்.

உன்னைக் கடைசிவரைக்கும் முழுசா நம்பாத,
உன் பொண்டாட்டியோட அண்ணன்,
வேலு